பல்லாவரம் சந்தையில் கிடைக்காத கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறேன் என்று தாம்பரம் பக்கம் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "பல்லாவரம் சந்தைக்குப் போங்க, அங்க இல்லாததே கிடையாது." முக்கால்வாசி உண்மை. பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் அந்தச் சந்தையில் ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ், துருப்பிடித்த ஸ்பேனர், ஓடாத மிக்ஸி எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். நடுநடுவே தார்ப்பாய் விரித்து கீபோர்டு, மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க் என்று குவியல் குவியலாக வைத்திருப்பார்கள்.

சில வருடங்களாக நான் அங்கே பார்ப்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். அதைப் புரட்டும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. சந்தைக்கு வரும் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வயது வரம்பு இருக்கிறது. 2000க்குப் பிந்தைய பென்டியம் 4 சரக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளலாம். 486 எப்போதாவது கண்ணில் படும். 286, எக்ஸ்டி எல்லாம் என் நோட்டில் ஒரு தடவைகூட இல்லை. பிபிசி மைக்ரோ இருக்கா என்று கேட்டால் ரேடியோவை எடுத்து நீட்டுவார்கள்.

இங்கிலாந்தில் அதே பிபிசி மைக்ரோவை இன்றைக்கும் யாராவது பரணிலிருந்து இறக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? "நம்ம ஆளுங்களுக்கு வரலாற்று உணர்வே கிடையாதுங்க" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்தப் பொருள் தங்கும், எந்தப் பொருள் தங்காது என்பதற்கு உணர்வைவிடக் கறாரான காரணங்கள் உண்டு. அதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதிப் பார்க்கிறேன்.

பரணுக்கு ஏறாத பொருள்

முதல் காரணம் எளிமையானது. வந்ததே கொஞ்சம்.

அமெரிக்காவில் 1975 ஜனவரியில் ஆல்டேர் 8800 வந்தது. 1977இல் ஆப்பிள் 2. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி. அடுத்த வருடமே இங்கிலாந்தில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், அமெரிக்காவில் காமடோர் 64. வீட்டு டிவியில் சொருகி, பாட்டு கேட்கும் கேசட் பிளேயரிலிருந்து புரோகிராம் ஏற்றி, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள். இன்றைக்கு அங்கே பழைய மெஷின்களைச் சேர்ப்பவர்களில் நிறையப் பேர் அதே பிள்ளைகள்தான். வீட்டுக்குள் நுழைந்த பொருள்தான் ஒருநாள் பரணுக்குப் போகும். பரணுக்குப் போன பொருள்தான் முப்பது வருஷம் கழித்துச் சேகரிப்பவன் கைக்கு வரும்.

நம்ம ஊரில் அந்த மெஷின்கள் வீட்டுப் படியே ஏறவில்லை. தயாரிக்க லைசன்ஸ், இறக்குமதிக்கு அனுமதி, அதற்கு மேல் கடும் வரி. ஐபிஎம் 1978இல் நாட்டை விட்டே போயிருந்தது. அந்த இடைவெளியில் முளைத்தவைதான் இந்தியக் கம்பெனிகள். திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்து, கோவை பிஎஸ்ஜியில் படித்த ஷிவ் நாடார் நண்பர்களோடு சேர்ந்து 1976இல் எச்சிஎல் தொடங்கினார். டிசிஎம் டேட்டா புராடக்ட்ஸ், விப்ரோ, பெங்களூரின் பிஎஸ்ஐ எல்லாம் அதே காலகட்டம். இவர்கள் வாடிக்கையாளர்கள் யார்? ஆலைகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள், கல்லூரிகள். 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தது. 1986இல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி லைசன்ஸ் வாங்கி ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை இங்கேயே விற்றது. ஆனால் அதற்குள் உலகம் ஐபிஎம் பிசி பக்கம் சாய்ந்துவிட்டது. எட்டு பிட் வீட்டுக் கம்ப்யூட்டர் காலம் என்பது நமக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான்.

தென்சென்னைப் புறநகரை எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்ஐடி. மின்னணுவியல், விமானம், ஆட்டோமொபைல், கருவியியல் என்று அப்போது வேறெங்கும் லேசில் கிடைக்காத படிப்புகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்த இடம். அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று எல்லாருக்கும் தெரியும். பின்னாளில் தமிழில் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதி எழுதியே ஒரு தலைமுறைக்கு அதன்மேல் ஆசை உண்டாக்கிய சுஜாதாவும் அங்கேதான் படித்தார். இந்தப் பக்கம் 1937இலேயே தாம்பரத்துக்கு வந்துவிட்ட கிறித்துவக் கல்லூரி. 1984இல் சானடோரியம் அருகே ஏற்றுமதி மண்டலமாக வந்த மெப்ஸ். ஆக, கம்ப்யூட்டர் புழங்குவதற்கான இடங்கள் இங்கே இருந்தன. ஆனால் எல்லாம் நிறுவனங்கள்.

நிறுவனத்துப் பொருளுக்குப் பரண் கிடையாது, பதிவேடு உண்டு. வாங்கியதும் அதில் ஏறும். சில வருடம் கழித்துக் 'கண்டம்' என்று முத்திரை விழும். பிறகு உடைந்த பெஞ்சு, ஓடாத ஃபேன், கால் போன நாற்காலியோடு சேர்த்து மொத்தமாக ஏலம். ஆசைப்படும் வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால் ஆடிட்டில் மாட்டுவார். பத்திரமாக வைக்கவும் வழியில்லை, பிரியமாகக் கொடுக்கவும் வழியில்லை. ஏலம் எடுப்பவர் எடை பார்ப்பாரே தவிர உள்ளே இருப்பது என்ன என்று பார்க்க மாட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த பிபிசி

இதில் எனக்கு ரொம்பவும் வருத்தம் தருவது பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோக்களின் கதை. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறிமுகம் செய்வதுதான் நோக்கம். அதற்குத் தேர்ந்தெடுத்த மெஷின் பிபிசி மைக்ரோ. நாடு முழுக்க சுமார் 12,000 மெஷின்கள் பள்ளிகளுக்குப் போயின. மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதை 'யுனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே அசெம்பிள் செய்தது. சிப் தயாரிப்பில் நாடு பெரிதாக நம்பியிருந்த அந்தத் தொழிற்சாலை 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து நாசமானது தனிக் கதை.

பிபிசி மைக்ரோ சாதாரண மெஷின் இல்லை. 1981 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 6502 பிராசஸர், 2 மெகா ஹெர்ட்ஸ், பி மாடலில் 32 கேபி மெமரி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிது. அதை வடிவமைத்த ஏகான் கம்பெனியின் ஸ்டீவ் ஃபர்பரும் சோஃபி வில்சனும்தான் அடுத்த சில வருடத்தில் ஆர்ம் பிராசஸரை உருவாக்கினார்கள். இதை நீங்கள் போனில் படித்துக்கொண்டிருந்தால், அதற்குள் ஓடுவது அநேகமாக அந்த வம்சம்தான். நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது உங்கள் போனின் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியம்மாவை எப்படி வைத்திருந்தோம்? அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஏசி ஓடும். மெஷினுக்குத் துணியில் உறை தைத்திருக்கும். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு மூன்று நான்கு பேர், கீபோர்டைத் தொடும் பாக்கியம் ஒருத்தருக்கு. கெட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பூட்டியே வைத்திருந்த பள்ளிகளும் உண்டு. கெட்டுப்போனால் சரிசெய்வதும் கஷ்டம்தான். படம் காட்டும் வேலையை அதில் யுஎல்ஏ என்ற தனிச் சிப் ஒன்று செய்கிறது. அது போனால் ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்கச் சுற்றினாலும் மாற்று கிடைக்காது. தொண்ணூறுகளில் பாடத்திட்டங்கள் பிசி பக்கம் திரும்பியதும் பிபிசிக்கு வேலையில்லாமல் போனது. அப்புறம் பதிவேடு, கண்டம், ஏலம்.

அசெம்பிள்டு செட்டுக்கு ஏது ஒரிஜினல்?

சரி, பிசி காலத்துக்கு வருவோம். அதில் சென்னைக்குச் சொந்தமாக ஒரு அத்தியாயம் உண்டு. டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் அப்பா ராபர்ட் அமிர்தராஜிடமிருந்து ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸை வாங்கிய சி. சிவசங்கரன், எண்பதுகளின் நடுவில் 'சிவா பிசி' என்று தன் பெயரிலேயே ஒரு மலிவு பிசியைச் சந்தைக்கு விட்டார். மற்ற கம்பெனிகளின் விலையைப் பார்த்து மூச்சு முட்டிக்கொண்டிருந்த சின்ன ஆபீஸ்களுக்கு அது பெரிய விஷயம். ஐபிஎம் பிசி என்பது திறந்த கட்டமைப்பு, யார் வேண்டுமானாலும் பாகங்களைச் சேர்த்துச் செய்யலாம் என்பதை இந்த ஊருக்குப் புரியவைத்த மெஷின்களில் அதுவும் ஒன்று.

அந்தப் பாடத்தை முழுசாகப் படித்துக்கொண்டது மவுண்ட் ரோட்டுப் பக்கத்து ரிச்சி ஸ்ட்ரீட். 1991க்குப் பிறகு இறக்குமதி சுலபமானதும், தைவான் மதர்போர்டு, எங்கிருந்தோ வந்த கேபினட், உள்ளூர் எஸ்எம்பிஎஸ் எல்லாம் சேர்ந்து 'அசெம்பிள்டு செட்' ஆனது. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் பெரும்பாலும் இதுதான். டப்பாவில் கம்பெனி பெயரே இருக்காது. இருந்தால் சர்வீஸ் பண்ணிய தம்பியின் போன் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும்.

இந்த மெஷின் சாவதே இல்லை, ஆனால் பிழைப்பதும் இல்லை. 1993இல் 386ஆக வீட்டுக்கு வந்தது, இரண்டு வருடத்தில் எக்ஸ்சேஞ்சில் போர்டு மாறி 486 ஆகும். பிறகு மல்டிமீடியா கிட், பிறகு பென்டியம், பிறகு புது கேபினட். தாத்தா காலத்துக் கோடாலி, காம்பை ரெண்டு தடவை மாத்தினோம், இரும்பை ஒரு தடவை மாத்தினோம் என்கிற மாதிரி. கழற்றிய போர்டு வேறொருவர் வீட்டில் செகண்ட் ஹேண்டாக ஓடும். எதுவுமே வீணாகவில்லை. அதனாலேயே எதுவும் முழுசாக மிஞ்சவில்லை.

சேகரிப்பவனுக்கு இது ஒரு தத்துவச் சிக்கல். மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு மெஷினை 'ஃபேக்டரியிலிருந்து வந்த நிலைக்கு' கொண்டுவரப் பார்ப்பார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் மெஷினுக்கு அப்படி ஒரு நிலையே கிடையாது. அதனால் நான் வேறொரு வழி வைத்திருக்கிறேன். கடைசியாக ஓடிய நிலை எதுவோ அதுதான் அதன் ஒரிஜினல். முக்கியமாக ஸ்டிக்கர் எதையும் உரிக்க மாட்டேன். மாதமும் வருடமும் கட்டம் போட்டு, ஸ்கெட்ச் பேனாவில் டிக் அடித்த வாரண்டி ஸ்டிக்கர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே டப்பாவில் நான்கு கடைகளின் நான்கு ஸ்டிக்கர் இருந்தால், எந்தப் பாகம் எப்போது மாறியது என்று அந்த வீட்டின் பொருளாதாரமே அதில் எழுதியிருக்கிறது. அதை ஆல்கஹால் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவது, கல்வெட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை.

தங்கம் செய்த வேலை

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பென்டியம் 4 ஏன் குவிந்து கிடக்கிறது, 386உம் 486உம் ஏன் காணோம்?

பழையது என்பதால் தீர்ந்துவிட்டது என்பது பாதி பதில். மீதி பதில் காயலாங்கடையில் இருக்கிறது. பழைய பிராசஸர்கள் பலவும் செராமிக் ஓட்டில் வந்தவை. அவற்றின் பின்களிலும் உள்ளே சிப் உட்காரும் இடத்திலும் தங்க முலாம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். வருடங்கள் போகப் போக, செலவைக் குறைக்க முலாம் மெலிந்தது. செராமிக் போய் பிளாஸ்டிக் அடித்தட்டு வந்தது. ஆகவே பழைய மெஷின்தான் உருக்குபவருக்கு லாபம். எலக்ட்ரானிக் கழிவு வாங்குபவர்கள் பிராசஸரைத் தனியாகப் பிரித்து, அதிலும் செராமிக்கைத் தனியாக எடை போடுவது இதனால்தான்.

யோசித்துப் பாருங்கள். 2002இல் ஒரு 486 மெஷின் கம்ப்யூட்டராகப் பைசா பெறாது, உலோகமாகக் காசு பெறும். ஒரு பென்டியம் 4 இன்றைக்கு இரண்டாகவும் பெரிதாக எதுவும் பெறாது. அதனால் அது சந்தைக்கு வருகிறது, 486 ஆசிட் தொட்டிக்குப் போய்விட்டது. மதிப்பில்லாததால் தொலைந்தது என்று நாம் நினைக்கும் பொருள், மதிப்பிருந்ததால்தான் தொலைந்திருக்கிறது. என் நோட்டில் உள்ள வயது வரம்புக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இதில் உருக்குபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கையுறைகூட இல்லாமல் ஆசிட்டில் வேலை செய்து நுரையீரலைக் கொடுத்து அந்தத் தங்கத்தை எடுத்தவர்கள் அவர்கள். மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2012 மே மாதம்தான் நடைமுறைக்கே வந்தன. அதற்கு முன்னால் போனவை எல்லாம் கணக்கில் இல்லாமல் போனவை. பெருங்குடி குப்பைமேட்டையும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் தாண்டிப் போகும்போதெல்லாம், உள்ளே என்னென்ன புதைந்திருக்குமோ என்று தோன்றும்.

தண்ணீரும் உப்பும்

தப்பிப் பிழைத்தவைக்கு அடுத்த எதிரி நம்ம ஊர் காற்று. பிறகு மழை. 2015 டிசம்பர் 1-2 மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கமெல்லாம் கீழ்த்தளம் முழுசாக மூழ்கியது. கம்ப்யூட்டர் டேபிளுக்குக் கீழே இருந்த டப்பா, கட்டிலுக்கு அடியில் இருந்த ஃபிளாப்பி பெட்டி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த சிடி எல்லாம் அந்த வாரமே சேறோடு தெருவுக்கு வந்தன. எத்தனையோ வீட்டுப் பரண்கள் ஒழுகி, அங்கே இருந்ததும் போனது. அந்த வாரம் தெருமுனைகளில் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்யத் தொடங்கினேன்.

பழைய மெஷின் ஒன்று கைக்கு வந்தால் முதல் விதி: உடனே பிளக்கில் சொருகாதீர்கள். ஆசை யாரை விட்டது, ஆனால் வேண்டாம். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு பேப்பர் கெபாசிட்டர் இருக்கும். அதன் மேலோடு வருடக்கணக்கில் விரிசல் விட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். கரண்ட் கொடுத்த சில நிமிடத்தில் வெடித்து வீடு முழுக்க நாற்றப் புகை. சென்னை ஈரத்துக்கு அது ரொம்ப இஷ்டமான பொருள். முதலில் அதைக் கழற்றிப் புதிது வைக்க வேண்டும். சில ரூபாய் சமாச்சாரம்.

286, 386 போர்டுகளில் ஒரு சின்ன உருளை பேட்டரி சாலிடர் செய்திருக்கும். நிக்கல் காட்மியம். அது கசிந்து, பச்சை பூத்து, செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். கசிவது காரம் என்பதால் நம்ம வீட்டு வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் அடங்கும். பிறகு டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஆல்கஹால், பிறகு நல்ல வெயிலில் அல்லாமல் நிழலில் காய வைப்பது. அறுந்துபோன தடத்துக்கு மெல்லிய வயரால் பாலம் போட வேண்டும். மானிட்டர் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. ஆஃப் செய்த பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். பழைய டிவி மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், அவருக்குத் தெரியாததை நெட்டில் யாரும் சொல்லப் போவதில்லை.

மஞ்சளடித்த கேபினட்டை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைப்பார்கள். 2008 வாக்கில் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்த முறை. வெளிநாட்டில் புற ஊதா விளக்கு வாங்குகிறார்கள். தாம்பரத்தில் மொட்டை மாடியும் ஏப்ரல் மாதமும் போதும்.

கீபோர்டில் நமக்கென்று ஒரு பெருமை உண்டு. சென்னைக் கம்பெனியான டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் 'டிவிஎஸ் கோல்டு'. ஒவ்வொரு சாவிக்கும் தனி மெக்கானிக்கல் ஸ்விட்ச். டொக் டொக்கென்று சத்தம். உலகமெங்கும் இப்போது அந்த மாதிரி ஸ்விட்சுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இங்கே ஜாப் டைப்பிங் சென்டர்களில் வருஷக்கணக்காக அடிவாங்கியே பழகியது அது. சந்தையில் பார்த்தால் விடாதீர்கள். சாவிகளில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கண்டிப்பாக விடாதீர்கள்.

பெட்டிக்குள் இருந்த தமிழ்

அந்தத் தமிழ் ஸ்டிக்கர்தான் என்னை இந்த வேலையின் அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போனது. போர்டும் சிப்பும் தைவானிலோ அமெரிக்காவிலோ செய்தது. அது இன்னொரு நாட்டில் இன்னொருவரிடம் இருக்கும். இங்கே மட்டுமே இருக்கக்கூடியது, இங்கே உட்கார்ந்து தட்டியது.

கணினியில் தமிழ் தொண்ணூறுகளில் திடீரென்று வந்துவிடவில்லை. கனடாவில் சீனிவாசன் எண்பதுகளின் நடுவில் டாஸில் ஓடும் 'ஆதமி'யை எழுதினார். ஏறக்குறைய அதே நேரம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். தொண்ணூறுகளில் சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். இந்தியாவில் கான்பூர் ஐஐடியில் உருவாகி சிடாக் மூலம் வந்த 'ஜிஸ்ட்' கார்டு இருந்தது. அதை பிசிக்குள் சொருகினால் டாஸ் திரையிலேயே இந்திய எழுத்துகள் வரும். தமிழுக்காக ஒரு தனி ஹார்டுவேர்! அப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடைத்தெரு டிடிபி சென்டர்களில் நடந்தது வேறு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள். பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'அம்மா' என்று அடித்த ஃபைலைப் பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு ஏற்பாடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில்தான் தமிழக அரசு ஒரு பொது விசைப்பலகைக்கும் டாம், டாப் குறியீடுகளுக்கும் வழி செய்தது. யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தாலும், விண்டோஸ் அதைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல். அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முன்னால் அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், சங்க அறிக்கை, உள்ளூர்க் கவிஞரின் தொகுப்பு எல்லாம் ஏதோ ஒரு எழுத்துருவின் பூட்டுக்குள் கிடக்கின்றன. சாவி தொலைந்தால் பூட்டு மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு உதாரணம். காலமான ஆசிரியர் ஒருவரின் குடும்பம் என்னிடம் நான்கு ஃபிளாப்பிகளைக் கொடுத்தது. தன் கிராமத்து ஏரியைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல். 1997 வாக்கில் ஒரு டிடிபி சென்டரில் அடித்து, அச்சுக்குப் போகாமலே நின்றுவிட்டது. கையெழுத்துப் பிரதி 2015 வெள்ளத்தில் போனது. ஆக அந்த நான்கு வட்டுதான் நூல்.

ஃபிளாப்பி வட்டில் பூஞ்சை பூத்திருந்தது. அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி வட்டைச் சுரண்டிவிடும். ஷட்டரை நகர்த்தி, ஆல்கஹால் தொட்ட பட்ஸால் மெதுவாகச் சுற்றித் துடைத்தேன். பிறகு 'கிரீஸ்வீசல்' என்ற சின்ன போர்டு வழியாகப் படித்தேன். அது ஃபைல்களைத் தேடாமல், வட்டிலுள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். ஒரே தடத்தைப் பலமுறை படித்து ஒப்பிடலாம். மூன்று வட்டு முழுசாக வந்தது. நான்காவதில் பாதித் தடங்கள் இல்லை.

வந்தவை பேஜ்மேக்கர் ஃபைல்கள். இங்கேதான் பழைய மெஷினின் அருமை. விண்டோஸ் 98 ஓடும் பென்டியம் மெஷின் ஒன்றை ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்ததால் அதில் பேஜ்மேக்கரைப் போட்டுத் திறக்க முடிந்தது. திறக்கும்போதே, இந்த எழுத்துரு இல்லை என்று பெயரோடு சொன்னது. நெட்டில் அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை. எழுத்து எண்ணிக்கையை வைத்துத் துப்பறிய ஆரம்பித்தேன். புள்ளியைத் தனிக் குறியாக வைக்கும் எழுத்துருவாக இருந்தால், ஃபைலில் அதிகம் வரும் குறி அநேகமாகப் புள்ளியாகத்தான் இருக்கும். தமிழ் அப்படிப்பட்ட மொழி. அதை வைத்து 'ன்', 'ம்', 'ல்' என்று முடியும் சொற்களை ஊகிக்கலாம். பாதி புரிந்தது. மீதிக்கு உதவியது பல்லாவரம் சந்தைதான். டிடிபி சென்டர் ஒன்றிலிருந்து வந்த 4 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை எடைக்கு வாங்கி வைத்திருந்தேன். அதன் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் அந்த எழுத்துரு இருந்தது.

நூலில் என்ன இருந்தது தெரியுமா? ஏரியின் மதகுகளின் பெயர்கள், கலங்கல் எந்தப் பக்கம், நிரம்பினால் எந்த வாய்க்கால் வழியாக எந்த ஏரிக்குத் தண்ணீர் போகும் என்ற விவரம். அவர் குறித்திருந்த வாய்க்கால்களில் ஒன்றின் மேல் இப்போது தெருவே இருக்கிறது. 2015இல் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெரு. நான்காம் வட்டில் இருந்தது கடைசி அத்தியாயம். அது வரவில்லை, இனி வராது.

அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஊர்க்காரர்களின் பயோடேட்டா, விடுதலைப் பத்திரம், கடிதம் எல்லாம் இருந்தன. சந்தையில் விற்கும் டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், யாரும் அழிப்பதில்லை. எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: எழுத்துரு, மென்பொருள், டிரைவர் இவற்றை மட்டும் நகலெடுப்பேன். மனிதர்களின் ஃபைல்களைத் திறக்க மாட்டேன், வேலை முடிந்ததும் டிஸ்க்கை அழித்துவிடுவேன். வரலாறு என்ற பெயரில் அடுத்த வீட்டு அலமாரியைத் துழாவுவதற்கு எனக்கு உரிமையில்லை. கேட்டுக் கொடுத்தால் வேறு விஷயம்.

உங்கள் வீட்டுப் பரணில்

இதைப் படிக்கும் யாராவது வீட்டில் பழைய டப்பா இருந்தால், அடுத்த மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்யுங்கள். மெஷினை ஆன் செய்யாமல் திறந்து பாருங்கள். போர்டில் உருளை பேட்டரி இருந்தால் கட்டரால் நறுக்கி எடுத்துவிடுங்கள், அது ஒன்றே மெஷினுக்கு இன்னும் பத்து வருடம் ஆயுள் தரும். ஃபிளாப்பிகளை முதலில் நகலெடுங்கள், சிடிக்கள் அடுத்து. எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் அடித்தது என்று அடித்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பிராசஸர் செராமிக்காக இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

ஜாப் டைப்பிங் சென்டர் நடத்தியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் ஜெராக்ஸ் கடைக்கு மாறிவிட்டார்கள், சிலர் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அவர்களிடம் உள்ள எழுத்துரு ஃபிளாப்பிகள்தான் இப்போது நான் தேடுவது. அதற்கு எடைக்கடையில் விலையே கிடையாது. அதனால்தான் சில இன்னும் மிஞ்சியிருக்கின்றன.